சுந்தராம்பாளின் பற்கள்

12-6-2024, புதன்

இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறாள். காலையில் கம்பெனி பஸ்கள் போய் ரோடு ஓய்ந்ததும் ஆரம்பித்தாள். நறநறவென்று, சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி. நிறுத்தவே இல்லை. தூக்கத்தில் பல் கடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவள் விழித்துக்கொண்டு கடிக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, என்னை நேராகப் பார்த்துக்கொண்டு.

இத்தனை வருடமும் நேரில் அண்ணி என்றுதான் கூப்பிட்டேன். என் புருஷனுக்கு அக்கா, வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் இது என் எழுத்து. இதில் சுந்தராம்பாள் என்று பேரைத்தான் எழுதுவேன்.

மத்தியானம் கொம்பையா எழுந்து வந்தான், கண் இரண்டும் சிவந்து. என் புருஷன் தசரதன் வீட்டை ஒட்டிக் கட்டிவிட்டுப் போன வாடகை அறைகளில் கடைசி அறை அவனுடையது. கூடத்துக்கும் அறைகளுக்கும் நடுவே ஒரே சுவர், மேலே ஒரே சிமெண்ட் ஷீட்டு. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கை நுழைகிற சந்து. இங்கே இருமினால் அங்கே கேட்கும். அறையில் இருப்பவர்கள் பாதிப் பேர் நைட் ஷிப்ட். பகல்தான் அவர்களுக்கு ராத்திரி. அதனால் என் வீட்டில் பகலில் மிக்சி ஓடாது, டிவி ஓடாது. பாத்திரத்தைக்கூட மெதுவாகத்தான் வைப்பேன்.

"ஆச்சி, கண்ண மூடுனா மண்டைக்குள்ள மாவரைக்க மாதிரி கேக்கு. லைன்ல நின்னுக்கிட்டே தூங்குதேன். சூப்பர்வைசர் ஏசுதான்." திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

"நான் இன்னா பண்றது கொம்பையா? வாயத் தெச்சுடட்டா?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

14-6-2024, வெள்ளி

எதிர் வீட்டு அன்னக்கிளி வந்து பார்த்துவிட்டு, "வயித்துல பூச்சி கீது காவேரிக்கா. வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடு. பகல்ல பல்லு கடிச்சா குடும்பத்துக்கு ஆவாது" என்றாள்.

எந்தக் குடும்பத்துக்கு? இந்த வீட்டில் நானும் அவளும்தான்.

அரைத்துக் கொடுத்தேன். என் புடவையில் துப்பினாள். மறுபடியும் நறநற.

பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருத்தியைப் பார்த்துப் பல்லைக் கடித்தால் அது கோபம். சின்னக் குழந்தைக்கும் தெரியும். மகன் பேரை மறந்தாள், தம்பி செத்ததை மறந்தாள். என் மேல் இருக்கிற கோபத்தை மட்டும் மறக்கவில்லை.

17-6-2024, திங்கள்

நர்ஸ் எழிலரசி வந்தாள். பிரஷர் பார்க்க மாதாமாதம் வருகிற பெண். மண்ணூர்க்காரி. டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள்.

"கடவாப் பல்லு ரெண்டு ஒடஞ்சு கீதும்மா. ஈறெல்லாம் செவந்து கீது. எப்போலேருந்து இப்டி?"

"சித்திரையிலேருந்து. பகலெல்லாம் கத்துறான்னு மாத்திரை குடுத்தாங்களே, அப்புறந்தான்."

அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த மாத்திரையாலகூட சில பேரு பல்லு கடிப்பாங்க. வலியாலயும் இருக்கலாம். டாக்டராண்ட கேளுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, இன்னா?"

பிறகு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, சுந்தராம்பாளின் இரண்டு கன்னத்திலும் வைத்தாள். காதுக்குக் கீழே, தாடை மூட்டில், விரலால் மெதுவாக வட்டம் போட்டாள். "ஒதட்ட மூடிக்கோ ஆயா. பல்லு மேல பல்லு வேணாம். அவ்ளோதான்... அவ்ளோதான்..." கொஞ்ச நேரத்தில் நறநற நின்றது. வீடே நின்ற மாதிரி இருந்தது. சந்து வழியாக யாரோ குறட்டை விடுவது கேட்டது.

"பாத்தீங்களா? காலைல ஒருக்கா, மதியம் ஒருக்கா. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பண்ணா போதும்."

"அந்தக் கன்னத்த நான் தொட மாட்டேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

18-6-2024, செவ்வாய்

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

வயிற்றில் பிள்ளையோடு தாலி அறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள் சுந்தராம்பாள். பெற்றபின் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். பால் இல்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம், வயிறு திறக்கவில்லை. பாலாடையில் பசும்பால் புகட்டி, பீ மூத்திரம் அள்ளி, தமிழ்வாணனை வளர்த்தவள் நான். அவன் பேச ஆரம்பித்தபோது என்னைத்தான் அம்மா என்றான். அவள் எழுந்து வந்து அந்த வாயிலேயே அடித்தாள். அன்றிலிருந்து அத்தை.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். நான்தான் தூக்கிக்கொண்டு படியேறினேன். சன்னிதி முன்னால், அவ்வளவு சொந்தமும் நிற்கும்போது, பிடுங்கினாள். "மலடி கையால எம்புள்ளய தூக்கினு வராத." ஐயர் திரும்பிப் பார்த்தார். என் புருஷன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாகிறவரைக்கும் அவருக்கு அந்த விரல்தான்.

அதற்குப் பிறகு எனக்கு அதுதான் பேர். உலை வைக்கும்போது மலடி. தண்ணீர் சேந்தும்போது மலடி. 

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. தமிழ்வாணன் பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்து எழுத்துக் கற்றவள். இன்றைக்கும் தலைகீழாகப் பிடித்தால்தான் வேகமாகப் படிப்பேன். அதற்கும் சிரித்தாள். மலடிக்குப் படிப்பு ஒரு கேடு என்றாள்.

நான் அவளிடம் எதிர்பார்த்தது சொத்து இல்லை, நகை இல்லை. ஒரே ஒரு வார்த்தை. நீதான் வளத்த. அவ்வளவுதான். காத்திருந்தேன். அவளுக்குப் புத்தி கலங்கியது.

எல்லாம் போயும் அந்தச் சொல் போகவில்லை. போன பங்குனியில் பகலெல்லாம் கத்துவாள். மலடி வந்துட்டா, மலடி சோத்துல மருந்து வெச்சுட்டா. சந்து வழியாக எல்லா அறைக்கும் போகும். முதல் அறை லோகேஷ் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாய் அடைத்தது.

அந்த மாத்திரையை நிறுத்துவேனா நான்?

21-6-2024, வெள்ளி

எழிலரசி போன் செய்தாள். "டாக்டராண்ட கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். அப்படியே குடுக்கச் சொன்னாரு."

நான் போகவே இல்லை. என் வீடு, என் காது.

25-6-2024, செவ்வாய்

நறநற.

ஈரத் துண்டைச் சுருட்டி அவள் வாயில் வைத்தேன். சத்தம் நின்றது. அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் துண்டு பாதிதான் இருந்தது. மீதி நூல் நூலாகத் தொண்டைக்குள். கண் பிதுங்கியது. விரலை விட்டு இழுத்தேன். விரலைக் கடித்தாள். நகம் கறுத்துவிட்டது.

லோகேஷ் வேறு வந்தான். "ஆயா, எங்க கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பே தேவல. அங்க காதுக்கு அடைப்பான் குடுப்பாங்க. இங்க வாடகையும் வாங்கினு சத்தமும் போடுறீங்க."

"புடிக்கலைன்னா வேற வூடு பாத்துக்கோ."

"நானு சிரிச்சுக்கினேதான் சொல்றேன். கொம்பையா ஏற்கெனவே ரூம் பாத்துக்கினு கீறான்."

அறை காலியானால் நாளைக்கு யார் வருவார்கள்? கிழவி பல் கடிக்கிற வீடு என்று பேராகிவிடும். ஏற்கெனவே மலடி வீடு.

2-7-2024, செவ்வாய்

வாலாஜாபாத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண்.

"ஒடஞ்ச ரெண்டையும் எடுத்துடலாம். வலி குறையும். மத்ததெல்லாம் இந்த வயசுக்கு நல்லாவே இருக்கு."

"எல்லாத்தையும் எடுத்துடும்மா."

"எதுக்கு? எப்படிச் சாப்பிடுவாங்க?"

"கரைச்சு ஊத்துவேன்."

"பாட்டி, பல்லு போனாலும் தாடை ஆடும். காரணம் பல்லு இல்ல."

"சத்தம் வராதில்ல?"

பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்."

என்னையே பார்த்தாள். பார்க்கட்டும். உடைந்த இரண்டையாவது எடுத்துவிட்டுப் போங்கள் என்றாள். எடுக்காமலே கூட்டி வந்துவிட்டேன். எனக்குப் புத்தி சொல்ல இவள் யார்? படித்தால் போதுமா? அந்த வாயோடு ஒரு நாள் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

5-7-2024, வெள்ளி

ஓசூரில் இருக்கிற தமிழ்வாணனுக்குப் போன் செய்தேன். பல் எல்லாம் ஆடுகிறது, எடுக்கணும் என்றேன்.

"நீங்க பாத்துச் செய்ங்க அத்தை. எனக்கு லீவு கெடைக்காது."

ஆடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. உடைந்த இரண்டைத் தவிர எதுவும் ஆடவில்லை.

7-7-2024, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து பல் பிடுங்குகிற ஒருவனை அன்னக்கிளியின் தங்கை சொன்னாள். போர்டில் டாக்டர் என்றுதான் இருந்தது. காலையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை கொடுத்தேன். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தாள். வெளியில் பார்ப்பவர்கள் அக்கா தங்கை என்று நினைத்திருப்பார்கள்.

"சம்மதமா?" என்றான்.

"சம்மதம்" என்றேன்.

அவளை யாரும் கேட்கவில்லை.

தலையை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு கையாலும், கன்னத்தோடு சேர்த்து. ஊசி போட்டும் உதறினாள். என்ன பலம்! என் முழங்கையால் நெஞ்சை அழுத்தினேன். கீழ் வரிசை முழுக்க எடுத்தான். முதல் பல்லுக்குக் கத்தினாள். அப்புறம் கத்தவில்லை, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.

14-7-2024, ஞாயிறு

மேல் வரிசையும் எடுத்தாயிற்று.

15-7-2024, திங்கள்

வீடு அமைதி. கொம்பையா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தான். வெளியே போய் ஒரு சீப்பு பழம் வாங்கி வந்து கொடுத்தான்.

"ஆச்சி, இன்னைக்குத்தான் பொணம் மாதிரி ஒறங்குனேன். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

பழத்தை மசித்து அவளுக்கு ஊட்டினேன். ரத்தத்தோடு வழிந்தது. துடைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன்.

16-7-2024, செவ்வாய்

வெளிச்சம் முகத்தில் விழுந்தபோது கவனித்தேன். தாடை ஆடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஈறு மேல் ஈறு. சத்தம்தான் இல்லை. பார்வை அதே பார்வை.

எழிலரசி மாதாந்திரத்துக்கு வந்தாள். வாயைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா இப்டி?"

"ஆடிக்கினு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"ஜூன்ல நான் பாத்தேனே. யாரு எடுத்தது?"

எழிலரசி பையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். வாசலில் செருப்பு போடும்போது சொன்னாள்: "அஞ்சு நிமிஷந்தானம்மா கேட்டேன்."

இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் ஜாஸ்தி.

29-7-2024, திங்கள்

ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டை ரோடெல்லாம் காவடி. கம்பெனி லாரிகளை ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நான் அந்தக் கோயிலுக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது, போக மாட்டேன்.

சுந்தராம்பாளால் எழுந்து நிற்க முடியவில்லை. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கை மரக்கட்டை. எச்சில் நிற்காமல் ஒழுகியது. அன்னக்கிளி பயந்துபோய் எழிலரசிக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்தப் பெண் கூட்டத்துக்கு நடுவே ஆட்டோ பிடித்து வந்து, தானே தூக்கி ஏற்றினாள். நானும் போனேன். போகாமல் இருந்தால் தப்பாகப் பேசுவார்கள்.

டாக்டர் முழங்கையை மடக்கிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை குடுக்குறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரிதான்."

கீழ்ப் பல் எடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

"இந்த மாத்திரை இவங்க ஒடம்புக்கு ஒத்துக்கல. படிப்படியா நிறுத்திடலாம். பல்லு கடிச்சதும் இதனாலயே இருந்திருக்கலாம். அப்பவே வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்பேனே."

அப்பவே என்றதும் எழிலரசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் மாத்திரை அட்டையை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இனிமே நானே வந்து குடுக்குறேன்" என்றாள். என் கையிலிருந்தே பிடுங்கினாள். பிடுங்கியவர்கள் வரிசையில் இவளும் ஒருத்தி.

12-8-2024, திங்கள்

தாடை நின்றுவிட்டது. தானாக.

19-8-2024, திங்கள்

பேசுகிறாள்.

அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் குரல் கேட்டது. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். வரட்டும், அந்தச் சொல் வரட்டும், இந்தத் தடவை நானும் திருப்பிச் சொல்லுவேன் என்று நின்றேன். எனக்கென்று சேர்த்து வைத்தது நிறைய இருக்கிறது.

அந்தச் சொல் வரவில்லை. எந்தச் சொல்லுமே வரவில்லை. குரல் வருகிறது, ஏறி இறங்குகிறது, உதடு இரண்டும் உள்ளே மடிந்துகொண்டு கொழகொழவென்று கூழ் கொதிக்கிற மாதிரி ஏதோ வருகிறது. கிட்டே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். கோபமா? கோபம் மாதிரி தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அவள் கோபத்துக்குக் கண்ணீர் கிடையாது. அழுதுகொண்டே ஒன்றையே சொல்கிறாள். அதே நீளம், அதே இடத்தில் ஏற்றம், அதே இடத்தில் இறக்கம். முடிந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள், பதிலுக்கு.

"இன்னொரு தடவ சொல்லு அண்ணி. மெதுவா."

சொன்னாள். மெதுவாகவே சொன்னாள்.

இன்னாதான் சொல்ற நீ? மலடின்றியா? வேற எதனாவா? இத்தினி வருஷம் வாயத் தொறந்தா தேளு. இப்போ அழுவுற. எதுக்கு அழுவுற? சொல்லித் தொலையேன். என் கையப் புடிச்சுக்கினு இன்னா வேணும் உனக்கு?

அன்னக்கிளியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். "ஒன்னியும் புரியலக்கா. உன்னத்தான் காட்டிக் காட்டிச் சொல்லுது."

22-8-2024, வியாழன்

எழிலரசியிடம் கேட்டேன். நானாகக் கேட்டேன். பல் செட்டு வைத்தால் பேச்சுத் தெளியுமா என்று.

"கொஞ்சம் தெளியும். ஆனா இவங்க வாயில நிக்காது. கழட்டி எறிவாங்க, இல்ல முழுங்கிடுவாங்க." சொல்லிவிட்டுப் பிரஷர் பார்க்கக் குனிந்துகொண்டாள். முன்பு மாதிரி என் தோளில் தட்டுவதில்லை.

25-8-2024, ஞாயிறு

தமிழ்வாணன் போன் செய்தான்.

"அம்மா பேசுறாங்களாமே அத்தை? எழிலரசி சிஸ்டர் சொன்னாங்க. போனை அவங்ககிட்ட குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டு அவள் வாய்க்கு நேரே பிடித்தேன். சொன்னாள். அதையே, அழுதுகொண்டே, முழுவதும் சொன்னாள். அவன் பக்கத்தில் கேண்டீன் தட்டுகளின் சத்தம்.

"ஒன்னும் புரியலையே. உங்களுக்குப் புரியுதா? இன்னா சொல்றாங்க?"

"கூடவே கெடக்குறவளுக்குப் புரியாதா?"

"இன்னா சொல்றாங்க அத்தை?"

நான் யோசிக்கவில்லை. என்றைக்கோ தயாராக இருந்தது.

"'காவேரிதான் உன்ன வளத்தா. நான் சும்மா பெத்துப் போட்டேன்.' அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவுறா."

தட்டுச் சத்தம் தள்ளிப்போனது. எழுந்து வெளியே வந்துவிட்டான் போலிருந்தது.

"அம்மாவா அப்டி சொல்றாங்க?"

"ஆமா."

"இத எதுக்கு இப்போ அழுதுக்கினு சொல்லணும்? எனக்குத் தெரியாததா அத்தை?" என்றான். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.

போனை மேஜையில் வைத்தேன். சுந்தராம்பாள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். காது நன்றாகத்தான் இருக்கிறது. என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவளோடு சேர்ந்து நானும் என் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், அவள் ஏறுகிற இடத்தில் ஏறி, அவள் இறங்குகிற இடத்தில் இறங்கி.

நான் சொல்லி முடித்த பிறகும் அவளுக்குச் சொல்ல மிச்சம் இருந்தது.